புஷ் வைத்தியம்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், நோட்டன் பிரிட்ஜ் வளைவுகளில் தேயிலைக் கொழுந்தும் மரக்கறியும் சுமக்கும் பழைய கெப் வண்டிகளுக்கு ஓய்வுபெறும் வயது என்ற ஒன்றே இல்லாமற்போயிற்று. வில்தகட்டின் கண்ணிலும், அதனைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கல் என்ற இணைப்புத் தகட்டிலும் அமர்ந்து அதிர்வை விழுங்கும் றப்பர் குழலான புஷ் தேய்ந்து, குழிதோறும் ‘டக்’கென்ற ஓசை எழும்போது, முதற்சிகிச்சையாக வானொலியின் சத்தம் கூட்டப்படுகிறது. இரண்டாவது சிகிச்சை கழிவு எண்ணெய். அது கிறீச்சிடலைச் சில நாள் அடக்கிவிட்டு, றப்பரை ஊதவைத்துக் கெடுக்கிறது. புதிய புஷ் பொருத்தப்படும்போதும், வண்டி ஜாக்கில் தொங்கும் நிலையிலேயே நட்டு முழுதாக இறுக்கப்படுவதால், கீழிறங்கியதும் றப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிய, பழி பாதையின்மேல் விழுகிறது (பாதையும் அதனை மறுக்கும் நிலையில் இல்லை). சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி, முழுப்பாரமும் வில்லின்மேல் அமர்ந்த பின்னரே கடைசி இறுக்கம் கொடுக்கப்படவேண்டும்.