குடை வேணுமா, கப்பல் வேணுமா?

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கிய பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. அது ஒன்றும் பெரிய குறையில்லை. தமிழ் தெரியாமல் தமிழ்நாட்டில் பிரசாரம் செய்தவர்களில் அவர் முதல் ஆளுமல்ல, கடைசி ஆளுமல்ல. தமிழறிந்த சிலரை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாகக் கிளம்பினார். மணிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார். பிள்ளை நச்சரித்தால் எந்த வீடு தாங்கும்?

அதற்குச் சில வருஷம் முன்பே அந்தக் கரையில் முத்துக்குளித்துவந்த பரவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துச் சலாபத் தகராறில் போர்ச்சுகீசியர் துணை தேவைப்பட்டது, கொச்சிக்கு ஆள் போனது, பேச்சு முடிந்தது. கூட்டணி முதலில், கொள்கை விளக்கம் பிறகு. அந்தக் கொள்கை விளக்கத்துக்கு வந்தவர்தான் சவேரியார். அதில் ஒரு சின்னச் சறுக்கல். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கடற்கரைக் குடிசைகளில் எல்லாரும் பயபக்தியோடு "எனக்கு வேணும், எனக்கு வேணும்" என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். விஷயம் புரிந்ததும், 1544-இல், உடன் ஊழியம் செய்த மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார்: 'வேணும்' என்றால் ஆசைப்படுவது, அதை மாற்றிவிடு.

ஜெபத்தில் மாற்றிவிட்டார்கள். அரசியலில் யாரும் மாற்றவில்லை.

போர்ச்சுகீசியன் போய் டச்சுக்காரன் வந்து, அவனும் போய் ஆங்கிலேயன் வந்தான். அவன் காலத்து அரசியல் என்பது கோட்டுப்போட்ட வக்கீல்கள் கோட்டுப்போட்ட துரைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதும் விண்ணப்பம். மேடைப்பேச்சும் ஆங்கிலந்தான். உப்பளத்தில் நிற்பவனுக்கும் தோணியில் மூட்டை ஏற்றுபவனுக்கும் தன் பெயரில் என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாது.

1906 அக்டோபரில் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் பத்து லட்சம். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. அறிக்கைவிட்டு நாட்டுப்பற்றை வளர்க்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. ரூபாயைப் போடு, கப்பலில் ஏறு என்றார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்து சேர்ந்தன.

தூத்துக்குடி - கொழும்பு வழியில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. வெள்ளைக்காரன் யோசித்தான்: சும்மாவே ஏறு, ஏறினால் குடையும் தருகிறேன்!

இந்தக் குடையை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மழைக்கு ஏங்கும் ஊருக்கு ஏன் குடை? அதிலும் இது உப்பளத்து ஊர். அள்ளும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் பாத்தியில் இருந்த பணம் கரைந்துபோகும். குடையைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்கள் இங்கே உண்டு. பிறகுதான் உறைத்தது. குடை தூத்துக்குடிக்கு அல்ல, கொழும்பில் இறங்கினால் கொட்டும் மழைக்கு. வெள்ளைக்காரன் கணக்கில் கெட்டிக்காரன். தேர்தல் இலவசமாக வந்த மிக்சிக்கும் கிரைண்டருக்கும் தாத்தா யார் என்று கேட்டால் தயங்காமல் கைகாட்டுவேன்.

வ.உ.சி.யிடம் கொடுக்கக் குடை இல்லை, வாய் இருந்தது. துணைக்கு சுப்பிரமணிய சிவா என்ற இன்னொரு வாய். 1908 பிப்ரவரியில் கடற்கரை மணலில் கூட்டம்மேல் கூட்டம். ஒலிபெருக்கி கிடையாது, கடல்காற்றுக்கு மேலே குரல் போக வேண்டும். முக்கியமான விஷயம், பேச்சு தமிழில். கேட்டவன் தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

ஊரும் தன் பங்குக்குப் பேசியது. சுதேசிகளைக் குறைசொன்ன ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் பாதியில் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டாராம். பாதிக் கன்னம் ராஜவிசுவாசம், பாதிக் கன்னம் வந்தேமாதரம். தெருவில் அந்த முகம் நடந்துபோனால் சுவரொட்டி எதற்கு?

கலெக்டர் விஞ்சுக்குப் பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டும் சிவாவுக்குப் பத்து ஆண்டும் விதித்தார். மணலில் பேசிய தமிழுக்குச் சாட்சி, போலீஸ்காரர்கள் எடுத்த குறிப்புகள். வேகமாகப் பேசும் தமிழைப் பிடிக்கச் சுருக்கெழுத்து அவர்கள் கையில் இல்லை, பிடிபட்டதை எழுதினார்கள். பேச்சை வெட்டி ஒட்டி ஒருவரை மாட்டிவிட அலைபேசி வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கலாம். பாரதியோ விஞ்சு துரையும் சிதம்பரம் பிள்ளையும் நேருக்குநேர் பேசுவதுபோல் பாட்டுக் கட்டிவிட்டார். போலீஸ் குறிப்பைவிட அதுதான் ஊர் ஊராகப் போனது.

இப்போது கட்சித் தம்பிகள் வாட்ஸ்அப்பில் தலைவர் படத்தோடு காலை வணக்கம் அனுப்பிவிட்டு, "இதுதான் அண்ணாச்சி புது டிரெண்டு" என்கிறார்கள். தேர்தல் அறிக்கையைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'எனக்கு வேணும்'தான். திருத்தச் சொல்லி மன்சிலாசுக்குக் கடிதம் எழுத ஆளில்லை.

வ.உ.சி. கதைக்கே திரும்புவோம். உயர்நீதிமன்றம் அவர் தண்டனையைக் குறைத்தது. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தார். வாசலில் மணல் கூட்டத்தைக் காணோம். நோயில் நலிந்த சிவாவும் வேண்டியவர்கள் சிலரும் நின்றார்கள். சுதேசிக் கம்பெனியை முந்தைய வருஷமே கலைத்துவிட்டிருந்தார்கள். காலியா கப்பலை விலைக்கு வாங்கியிருந்தது, குடை கொடுத்த அதே கம்பெனி.