மெய்டன் ஓரியாட்டம்

ஏனுங் தம்பிகளா, இங்கிலாந்துல அயர்ன் மெய்டன்னு ஒரு கூட்டம் இருக்குதாமா. 1975 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஸ்டீவ் ஹாரிஸ்ங்கற பேஸ் கித்தார்க்காரரு ஆரம்பிச்சது. அம்பது வருசமாச்சு, அவரு இன்னும் கித்தாரைக் கீழ வெக்கலை. ஊரு ஊராப் போயி வாசிச்சுட்டே இருக்கறாரு. அன்னூர்ல இருந்து சரவணம்பட்டிக்கு வேலைக்குப் போற உங்களுக்குள்ள மட்டும் அவங்களை வெச்சு ஓரியாட்டம் தீர மாட்டேங்குது.

சத்தத்தைச் சொல்றேன்னு நெனைச்சுக்காதீங்க. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு, ராத்திரி பூராம் ஜமாப் அடிக்கறதைப் பக்கத்துல நின்னு கேட்ட காது இது. உங்க டிரம்ஸுக்கெல்லாம் அசராது. "எந்தக் காலத்து மெய்டன் நெசமான மெய்டன்"னு நீங்க போடற சண்டையைத்தான் தாங்க முடியலை. சரி, சண்டைன்னு எறங்கியாச்சு, ஜெயிக்கோணுமல்ல? நாலு யோசனை சொல்றேன், சித்தெ கேளுங்க.

மொதல் யோசனை: எப்பவும் நீங்க பொறக்கறதுக்கு முந்துன காலத்தையே பிடிச்சுக்குங்க. "பால் டி'ஆனோ பாடுன மொத ரெண்டு ஆல்பந்தான் மெய்டன். 1980, 81. அப்பறமேட்டு வந்ததெல்லாம் யாவாரம்"னு ஒரு போடு போடுங்க. அப்ப உங்கப்பனுக்கே மீசை மொளைக்கலை. எதிராளி வீட்டுலயும் அதே கதைதான், அதனால சாட்சிக்கு ஆள் வராது. டி'ஆனோ 2024 அக்டோபர்ல காலமாயிட்டாரு. நடக்க முடியாமப் போயும், சக்கர நாற்காலில உக்காந்து அந்தப் பாட்டுகளை மேடையில பாடுன மனுசன். "அந்த வீடியோவையாவது முழுசாப் பாத்தியா"ன்னு மட்டும் யாரும் கேக்காமப் பாத்துக்குங்க.

ரெண்டாவது: அடுத்துப் பாட வந்த புரூஸ் டிக்கின்சன் கட்சி. 1982-ல 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' வந்து பிரிட்டன்ல மொதலிடம் பிடிச்சதுல தொடங்கி, 1988 'செவன்த் சன்' வரைக்கும் பொற்காலம்ங்கற கூட்டம். இங்க ஓட்டு எச்சு, மருவாதி கம்மி. எல்லாரும் சொல்றதையே சொன்னா பெரிய ரசிகன்னு எவன் ஒத்துக்குவான்? அதனால இதைச் சொல்றப்ப ஒரு கொட்டாவி விட்டுட்டுச் சொல்லோணும்.

மூணாவது: வருசத்துக்கொருக்கா ப்ளேஸ் பெய்லிக்குப் பரிஞ்சு பேசுங்க. 1993-ல புரூஸ் போனதுக்கு அப்பறம் வந்தவரு. 1995-ல ஒண்ணு, 98-ல ஒண்ணு, ரெண்டே ஆல்பம். அவருது கனத்த தொண்டை. புரூஸுக்குன்னு உச்சத்துல கட்டுன பாட்டையும் அவருதான் பாடோணும்னாங்க. கூட்டம் அவரைத் திட்டுச்சு, பாட வெச்சவங்களை ஆரும் கேக்கலை. இப்படி நாயம் பேசுனா, ஆழமான ஆளுன்னு உங்களுக்குப் பேரு கெடைக்கும். "அந்த 98 ஆல்பம் விர்ச்சுவல் லெவன்ல நாலு பாட்டுப் பேரு சொல்லு"ன்னு எவனாச்சும் மடக்குனா, செல்லு வந்தாப்பல எந்திரிச்சு அக்கட்டால போயிருங்க.

நாலாவது: 2000-க்கு அப்பறம் வந்த காலம். 1999-ல புரூஸும் கித்தார்க்காரரு ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்தாங்க. அதுக்காக எடையில வந்த ஜானிக் கெர்ஸைத் தாட்டி உடலை. கித்தார் மூணாச்சு, அவ்வளவுதான். பங்காளிக்கு ஒரு முழம் வரப்பு உடாத ஊர்ல இருந்துட்டு அதையும் நீங்க கொறை சொல்றீங்க. "பாட்டு நீளமாயிப் போச்சு"ங்கறீங்க. 2015-ல வந்த ஒரு பாட்டு 18 நிமிசம், நெசந்தான். அன்னூர்ல பஸ் ஏறி அதைப் போட்டா, முடியறதுக்குள்ள கணேசபுரம் வந்துரும். ஆனா உங்க பொற்காலத்துல, 1984-லயே, 13 நிமிசத்துக்கு மேல ஒண்ணு இருக்குதே? அதைக் கேட்டா, "அது வேற"ம்பீங்க. எப்படி வேறன்னு கேட்டா மூஞ்சியத் தூக்கிக்குவீங்க.

இனி நெசத்துக்கு வாறேன். கெணறு ஒண்ணுதான் சாமி. கவலை கட்டி எறைச்சாங்க, ஆயில் எஞ்சின் வெச்சாங்க, அப்பறம் கரண்டு மோட்டார் வந்துச்சு. வாய்க்கால்ல வந்தது எந்தத் தண்ணின்னு வாழை கேட்டுட்டா நிக்குது? டி'ஆனோ காலத்து 'அயர்ன் மெய்டன்' பாட்டை நாப்பது வருசமாப் பாடறது புரூஸு. ப்ளேஸ் காலத்து 'தி கிளான்ஸ்மேன்' பாட்டையும் கூச்சப்படாமப் பாடுனவரு அவருதான். அந்த மனுசனுக்கு இல்லாத நொரநாட்டியம் உங்களுக்கு எங்கிருந்துங் வந்துச்சு?

நம்ம நாட்டுக்கும் வந்தாங்க. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். 2006-ல வந்த புது ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. மறு வருசம் பிப்ரவரி 1-ந் தேதி மும்பையில எறங்குனப்ப, அத்தனையும் பழைய சரக்கு. போயிங் 757 பிளேனை ஓட்டறதும் புரூஸு, எறங்கி வந்து பாடறதும் புரூஸு. காந்திபுரத்துல ராத்திரி பஸ் ஏறிப் போயி, தொண்டை கட்டி வந்தவன் ஒருத்தனும் எந்தக் காலம் ஒசத்தின்னு என்கிட்டப் பேசுனதில்லை. போகாதவன்தான் தீர்ப்பு எழுதறான். 2025-ல அம்பதாவது வருசத்துக்குன்னு கெளம்பி, 1980-ல இருந்து 92 வரைக்கும் வந்த ஒம்பது ஆல்பத்துப் பாட்டு மட்டுந்தான்னாங்க. உடனே எம்பதுக் கட்சி ஜெயிச்சாச்சுன்னு குதிக்குது. டிக்கெட் விக்கறவனுக்குத் தெரியாதா, எது விக்கும்னு?

உங்கப்பன்மாரைப் பாத்துச் சிரிக்காதீங்க, அவங்களும் இதே சாதிதான். மெய்டன் தொடங்கி அஞ்சு மாசத்துல இளையராசாவோட 'அன்னக்கிளி' வந்துச்சு. எம்பதுல வந்த ராசாவா, தொண்ணூறுல வந்த ராசாவான்னு இன்னைக்கும் திண்ணை தேயப் பேசறாங்க. இங்க இவங்க பேசிட்டிருக்கறப்ப, ராசா 81 வயசுல லண்டனுக்குப் போயி, 2025 மார்ச் 8-ந் தேதி ஹேமர்ஸ்மித் அரங்கத்துல புதுசா ஒரு சிம்பொனி போட்டுட்டு வந்துட்டாரு. 1982 மார்ச்சுல மெய்டன் ஆடுனதும் அதே அரங்கந்தான். வேலை செய்யறவனுக்கு அடுத்த பாட்டு மேல வெசனம், வெட்டியா இருக்கறவனுக்குப் போன பாட்டு மேல வெசனம்.

அதனால ஒண்ணு செய்யுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை ஆளுக்கொரு ஆல்பம் முழுசாக் கேட்டுட்டு வாங்க. உங்களுக்குப் புடிச்சதை இல்லை, எதிராளி தலையில தூக்கி வெச்சு ஆடறதை. கேட்டுட்டா அப்பறம் சண்டை போட ஒண்ணும் இருக்காது. இல்லீங், வேண்டாம், கேக்காமயே இருங்க. நீங்க சமாதானமாயிட்டா, மூணு மணி நேரம் உக்காந்து ஒம்பது டீயும் ஆறு பப்ஸும் தீக்கற பேக்கரிக்காரன் பொழப்பு என்னாகறது? பில்லு வர்றப்ப மட்டும் எல்லாக் கட்சியும் ஒத்துமையா மோட்டுவளையைப் பாக்காதீங்க. போன வாரம் குடுத்தது நானு.