பூஜ்யத்தால் பெருக்கிய தையல் வகுப்பு

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் 'தையல் பயிற்சி வேண்டுமா?' என்று படிவம் கொடுத்துக் கேட்டோம். எல்லோரும் 'வேண்டும்' என்று டிக் அடித்தார்கள். வகுப்புக்கு வந்ததோ நாலே பேர். ஏன் சார் இப்படி? (ஒரு வாசகி, கூட்டேரிப்பட்டு)

பதில்: 'வேண்டுமா?' என்று கேட்டால் யாரம்மா 'வேண்டாம்' என்பார்கள்? படிவத்தை நீட்டுவது குழுத் தலைவி வேறு!

உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். முயன்றால் எனக்குத் தைக்க வருமா? தைத்தால் ஆர்டர் கிடைக்குமா? கிடைக்கிற காசு எனக்குப் பெரிசா? மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நீங்கள் கேட்டது மூன்றாவதை மட்டும், அதையும் அரைகுறையாக.

மூன்றையும் கேட்டுவிட்டுக் குழுவுக்குச் சராசரி எடுத்துவிடாதீர்கள், அங்கேதான் வழுக்கும். பத்துப் பேரில் ஐந்து பேருக்குத் தன்மேல் நம்பிக்கை முழுசு, ஆசை துளியும் இல்லை. மற்ற ஐவருக்கு நேர்மாறு. சராசரி பார்த்தால் இரண்டும் பாதிக்குப் பாதி, பார்க்க லட்சணமாக இருக்கும். தையல் மெஷின் பக்கம் ஒருவரும் வர மாட்டார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பெருக்கிய பிறகே குழுவைப் பாருங்கள்.

எந்த எண்ணும் பூஜ்யமாகாத வேலைக்கு ஓர் உதாரணம்: 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய முதல் கட்ட மாவட்டங்களில் உங்கள் விழுப்புரமும் ஒன்று. மண் வெட்டத் தெரியும், வெட்டினால் கூலி உண்டு என்று தெரிந்த வேலை. அதற்கு யாரும் ஆசைப் படிவம் நீட்டவில்லை. கூலி தாமதமானால் 'செய்தால் கிடைக்குமா?' என்ற இரண்டாம் எண் சரியும், அது வேறு கதை.

வந்த நாலு பேரையும் விட்டுவிடாதீர்கள். முதல் ஆர்டரை அவர்களுக்கே கொடுங்கள்.