வீட்டு வைஃபையை ஊருணி ஆக்க ஏழு படிகள்

வாழ்த்துகள். ஆவூரில் உங்கள் வீட்டுச் சுவரையும் துளைத்து ஃபைபர் வயர் உள்ளே வந்துவிட்டது. இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள், மீதியைப் பார்ப்போம்.

1. ரவுட்டரை இரும்பு பீரோவின் மேல், சுவரோரமாகத் தள்ளி வையுங்கள். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தால் சிக்னல் எல்லா அறைக்கும் போய்விடும். பீரோ அதைப் பொறுப்பாகத் தடுக்கும். ரவுட்டரின் மேல் பூவேலைத் துணி, துணியின் மேல் மாதா சுரூபம், சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி. சூட்டில் நெட் விட்டுவிட்டு வந்தால் கேபிள்காரத் தம்பியைத் திட்டுங்கள்.

2. ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டித் தூரம் போகும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் திணறும். எனவே பக்கத்திலேயே இருக்கும் டிவியை 2.4-இல் இணையுங்கள். மாட்டுக்கொட்டகையில் பார்க்கும் போனை 5-இல் இணையுங்கள்.

3. ரவுட்டரின் உள் அமைப்புக்குப் பயனர் பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. மாற்றாதீர்கள், மறந்துபோகும். 2016-இல் ‘மிராய்’ என்ற நச்சுநிரல் இப்படிக் கம்பெனி வைத்த அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டே உலகமெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து வேலை வாங்கியது. உங்கள் ரவுட்டருக்கும் வெளிநாட்டு வேலை கிடைக்கலாம்.

4. வைஃபை பாஸ்வேர்டாக உங்கள் செல் நம்பரையே வையுங்கள். பத்து இலக்கம், பலமான பூட்டுதான். ஆனால் முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. உங்கள் போன் இணைகிற நொடியில் பறக்கும் தகவலை ஒருவன் பிடித்துக்கொண்டால் போதும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் ஓரிரு மணி நேரத்தில் எண்ணி முடித்துவிடும். அவ்வளவு மெனக்கெட விடலாமா? டிராக்டரின் பின்னால் நம்பரைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

5. பாஸ்வேர்டு கேட்காமலே இணைக்கிற ‘டபிள்யூபிஎஸ்’ வசதியை அணைக்காதீர்கள். அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். பத்துக் கோடி முயற்சி தேவைப்படுகிற இடத்தில் 11,000 போதும். திருடனுக்கும் நேரம் பொன்னானது.

6. ஆவூர் தேவாலயப் பாஸ்கு திருவிழாவுக்கு வரும் சொந்தபந்தம், அவர்களோடு வந்தவர்கள், தண்ணீர் கேட்டு வந்தவர் எல்லோருக்கும் முதன்மைப் பாஸ்வேர்டையே கொடுங்கள். விருந்தாளிகளுக்கென்று தனி நெட்வொர்க் ரவுட்டரிலேயே இருக்கிறது. அதைத் தொட்டால் மச்சான் கோபித்துக்கொள்வார். அதே ஊரில், அதே திருவிழா ஜல்லிக்கட்டில் காளைக்கு டோக்கன் வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். உங்கள் வாடிவாசலில் அந்தக் கெடுபிடி எதற்கு?

7. இவ்வளவும் சிரமமென்றால் பாஸ்வேர்டையே எடுத்துவிடுங்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்னால் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று போனது. நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அனுப்பியவன் வாசலில் அல்ல, வைஃபைக்காரர் வாசலில். வெளியே பதிவாவது உங்கள் இணைப்பின் முகவரிதான். வந்து குடித்தவன் பெயரை ஊருணி சொல்லாது.

ஏழு படியும் இறங்கியாயிற்றா? இனி வீட்டில் காபித்தூள் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் ஜீப்பில் வருகிறவர்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள்.