முன் டயருக்கு முதல் மரியாதை

பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

வெளியே மைனஸ் 12 டிகிரி. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். பெற்றவர்கள் கண்டிக்க மாட்டார்களா?
- ஒரு தாய், ஸ்கார்பரோ

பாராட்டுவார்கள், அம்மா. பின்லாந்தில் ஔலு என்றொரு ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே. இரண்டு லட்சத்துக்கு மேல் ஜனம், 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை. மைனஸ் 15 டிகிரியிலும் அங்கே பள்ளிக்கூட வாசலில் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து, சீட்டின் மேல் படிந்த பனியைக் கையுறையால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். பனிக்கால சைக்கிளுக்கென்றே நடக்கும் உலக மாநாடு 2013-இல் முதன்முதலாகக் கூடியதும் அந்த ஊரில்தான். பையனைத் தடுக்க வேண்டாம். அவன் சைக்கிளில் முன்னாலும் பின்னாலும் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

மைனஸ் 15, பூஜ்யம். இரண்டில் எது ஆபத்து?
- மொன்றியால் வாசகர்

பூஜ்யம்தான். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து கிடக்கும், டயருக்கு ஓரளவு பிடி கிடைக்கும். பூஜ்யத்தை நெருங்கும்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் சேர்ந்துவிடும், வழுக்கல் அப்போதுதான் உச்சம். பகலில் உருகிய பனி இரவில் இறுகி, காலையில் தார் ரோட்டின் நிறத்திலேயே படிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரோடு நனைந்ததுபோல் மின்னுகிறது, ஆனால் முன்னால் போகும் காரின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீர் இல்லை. பாலத்தில் ஏறும்போது இரட்டைக் கவனம் வேண்டும். மேலேயும் காற்று, கீழேயும் காற்று, மண்ணின் கதகதப்பு கிடையாது. அதனால் ஊரில் முதலில் உறைவது பாலம்தான்.

ஆணி பதித்த டயர் விலை அதிகம். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். முன்னாலா, பின்னாலா?
- ஒரு மாணவர், ஒட்டாவா

முன்னால். பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிள் கொஞ்சம் வாலாட்டும், சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது, தோளோ இடுப்போ தரையைத் தொட்டிருக்கும். அதனால் முதல் மரியாதை முன் டயருக்கு.

வாங்கும்போது ஆணியின் முனை கார்பைடுதானா என்று கேளுங்கள். வெறும் இரும்பு முனை தார் ரோட்டில் சீக்கிரம் மழுங்கிவிடும். மாட்டிய பிறகு முதல் 40, 50 கிலோமீட்டர் காய்ந்த ரோட்டில் நிதானமாக ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். வழியெல்லாம் கரகரவென்று சத்தம் வரும், அது பழகிவிடும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆணி வேலை செய்வது ஐஸில் மட்டும்தான். கணுக்கால் ஆழப் புதுப்பனியில் உங்களைக் காப்பாற்றுவது டயரின் ஆழமான பட்டன்கள்.

வீட்டுக்குள் சரியாகக் காற்று அடித்தேன். வெளியே போனதும் டயர் தளர்ந்துவிட்டது. பஞ்சரா?
- கால்கரி வாசகர்

பஞ்சர் இல்லை. குளிரில் காற்று சுருங்குகிறது. 20 டிகிரி அறையில் 60 பவுண்டு அடித்த டயர், மைனஸ் 5 டிகிரி வாசலுக்கு வந்ததும் ஆறு பவுண்டு போல இழந்துவிடும். பனிக்காலத்தில் அது ஓரளவு நல்லதுதான். காற்று கொஞ்சம் குறைந்தால் டயர் அகலமாகத் தரையைத் தொடும், பிடி கூடும். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சடித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விடாதீர்கள். விட்டால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் அடி வாங்கும்.

ஜன்னல் தெர்மாமீட்டர் மைனஸ் 10 என்கிறது. சைக்கிளில் ஏறினால் மூக்கே கழன்று விழும்போல் இருக்கிறது. எதை நம்புவது?
- ஒஸ்லோ வாசகி

இரண்டையும் நம்புங்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் கொண்டுவந்த கணக்குப்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 18. இலை அசையாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவருக்கு அந்தக் காற்றை அவருடைய கால்களே உண்டாக்கித் தருகின்றன. மெதுவாகப் போங்கள், குளிரும் குறையும், வழுக்கலும் குறையும். சும்மா ஒரு சுற்றுப் போய்வருவதென்றால், போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை வகுத்துக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்புவதுதான் உடம்புக்கு ஆகாது.

மகன் இந்தக் குளிரிலும் கனமான ஜாக்கெட்டைப் போட மறுக்கிறான். "மிதித்தால் சூடாகிவிடும்" என்கிறான்.
- மிசிசாகா வாசகி

மகன் சொல்வது சரி. வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வியர்க்கும், சிக்னலில் நிற்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி பனியனுக்குப் பதிலாக உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய கம்பளி பனியன், மேலே காற்று புகாத ஒரு சட்டை, இவை போதும். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும்.

அவன் விட்டுக்கொடுக்கக் கூடாதவை கை, காது, கால். ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் கையுறை சூடானது. ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய கை உறைகளும் கிடைக்கின்றன. கடுங்குளிருக்கு அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் விறைக்கும். விரலை ஆட்ட இடம் இருக்கட்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு போகலாம், வறண்ட குளிர்காற்று கொஞ்சம் சூடாகி உள்ளே போகும். இன்ஹேலரை உட்பாக்கெட்டில் வையுங்கள்.

காது மடல் வெளுத்து மரத்துப்போனால் பனியை எடுத்துத் தேய்க்கச் சொல்கிறார்களே?
- வின்னிபெக் வாசகர்

கேட்காதீர்கள். உறைந்த சதையைத் தேய்த்தால் அது கிழியும். உள்ளே போய் உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். விரல் என்றால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். ஹீட்டரில் நேராகக் காட்ட வேண்டாம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். நிறம் திரும்பவில்லை என்றாலோ கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மைனஸ் 25. பெடல் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. சைக்கிளுக்கு என்ன வியாதி?
- எட்மண்டன் வாசகர்

ஃப்ரீ வீலுக்கு விறைப்பு. அதற்குள் சின்னச் சின்ன இரும்பு நாக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தூக்கிவிடும். மிதிக்காமல் உருளும்போது டிக்டிக் என்று கேட்பது அவற்றின் சத்தம்தான். கடுங்குளிரில் கிரீஸ் கெட்டியாகி நாக்குகளை எழவிடாமல் பிடித்துக்கொள்ளும். நாக்கு பல்லில் கடிக்காததால் நீங்கள் வெறுமனே மிதிக்கிறீர்கள். பனி விழும் முன்பே கடையில் கொடுத்து, அந்த கிரீஸை வழித்து எடுத்துக் குளிருக்கேற்ற மெல்லிய எண்ணெய் விடச் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றும் யோசனை வேண்டாம். ஊற்றிய நீர் உள்ளேயே உறைந்து, நிலைமை முன்பைவிட மோசமாகும். சூடான கூடத்தில் சைக்கிளை நிறுத்தி, ஈரம் காயாமல் வெளியே எடுத்தாலும் இதே கதைதான். சூடு இல்லாத ஷெட்டே பனிக்கால சைக்கிளுக்கு நல்ல வீடு.

ரோட்டில் கொட்டும் உப்பு நண்பனா, பகைவனா?
- மார்க்கம் வாசகர்

டயருக்கு நண்பன், செயினுக்கு எமன். அதுவும் மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். ஔலுவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பனியை முழுக்கச் சுரண்டாமல் அடிப்படலத்தை அழுத்தி இறுக்கிவிட்டு, மேலே பொடிக்கல் தூவுகிறார்கள். சைக்கிள் அதன் மேல் வழுக்காமல் ஓடும். உப்பு ஊரில் இருப்பவர்கள் வீடு திரும்பியதும் செயினைப் பழைய துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். செய்யாவிட்டால் வசந்தம் வரும்போது செயின் செந்நிறத்தில் நிற்கும். மட்கார்டு இரண்டும் கட்டாயம்.

மின்சார சைக்கிளின் பேட்டரி பாதி தூரத்திலேயே தளர்ந்துவிடுகிறதே?
- பேர்கன் வாசகர்

பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை குளிரில் மந்தமாகும், அதனால் தூரம் குறையும். சூடு வந்ததும் அது திரும்பிவிடும். திரும்பாத சேதம் ஒன்று இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியில் சார்ஜரைச் செருகினால் உள்ளே லித்தியம் படிந்துவிடும், இழந்த சக்தி பிறகு வராது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள்.

இந்தப் பைத்தியத்தை முதலில் தொடங்கியது யார்?
- மதுரை வாசகர்

முதல் ஆளைச் சொல்வது கடினம், ஆனால் தங்கம் தேடிப் போனவர்கள் முன்னோடிகள். 1900 பிப்ரவரியில் எட் ஜெசன் என்பவர் கனடாவின் டாசன் ஊரில் சைக்கிளில் ஏறினார். உறைந்து கிடந்த யூக்கான் ஆற்றின் மேலேயே, நாய் வண்டித் தடம் பிடித்து, அலாஸ்காவின் நோம் கடற்கரைக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். பேரிங்கில் எண்ணெய் உறைந்தது, பனியின் வெளிச்சத்தில் கண் கூசி எரிந்தது. ஐந்து வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் மேக்ஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற இளைஞர் அதே வழியில் கிளம்பினார். நோமை நெருங்கும்போது செயின் அறுந்தது. நாமாக இருந்தால் மெக்கானிக்கைத் தேடியிருப்போம். அவர் காற்றைத் தேடினார். கோட்டையே பாய்மரம்போல் விரித்து, பின்காற்றில் சைக்கிளை ஓடவிட்டார். இது பைத்தியமில்லை ஐயா, பிழைக்கத் தெரிந்த பிள்ளையின் மூளை.

எங்கள் ஊட்டிக் குளிருக்கு ஏதாவது சொல்லக் கூடாதா?
- குன்னூர் வாசகர்

சொல்லாமலா! உறைபனி நாட்களில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்துக் கிடந்தாலும், உங்களுக்கு ஆபத்து இறக்கத்தில்தான். ஏற்றத்தில் மிதித்து உடம்பு வியர்த்திருக்கும். இறக்கத்தில் மிதி கிடையாது, காற்று மட்டும் அடிக்கும். விறைத்த விரல் பிரேக்கை முழுசாக இழுக்காது. இறங்கும் முன் கையுறை போடுங்கள், பாதி வழியில் நின்று கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் உச்சியில் பந்தய வீரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு இறங்கும் பழக்கம் உண்டு. டீக்கடையில் பழைய பேப்பர் ஒன்றைக் கேட்டு வாங்கி, நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

விழாமல் ஓட்ட ஒரே ஒரு யோசனை?
- டொராண்டோ வாசகர்

எதையும் திடீரென்று செய்யாதீர்கள். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். ஐஸ் தட்டுப்பட்டால் முன் பிரேக்கைத் தொடாமல் நேராக உருண்டு கடந்துவிடுங்கள். சீட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் கால் சட்டென்று தரையைத் தொடும். உங்கள் ஊரில் டிராம் தண்டவாளம் வேறு இருக்கிறது. ஈரத் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் குறுக்கே கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் அதன் வழியே போய்விடும்.

சைக்கிளை எடுக்கவே கூடாத நாள் எது?
- லாவல் வாசகி

மழை விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் நாள். அன்று நடப்பவரும் விழுவார், காரும் சறுக்கும். பஸ் டிக்கெட் எடுப்பது அன்றைக்குத் தோல்வி ஆகாது.

டொராண்டோவில் பனிக்காலம் வந்தால் சைக்கிள்கள் குறைந்துவிடுகின்றன. குளிர்தானே காரணம்?
- ஸ்கார்பரோ வாசகர்

குளிர்தான் காரணம் என்றால் ஔலுவில் ஒரு சைக்கிள்கூட ஓடக் கூடாது. அந்த ஊரின் ஜனவரி டொராண்டோ ஜனவரியைவிடக் கடுமையானது. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சமே மூன்றரை மணி நேரம்தான். ஆனால் ஜனங்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே முக்கியப் பாதைகளில் பனி தள்ளும் வண்டி போய்வந்திருக்கும். கோபன்ஹேகனும் முக்கிய சைக்கிள் பாதைகளைக் கார் ரோட்டுக்கு முன்பே சுத்தம் செய்கிறது.

பல ஊர்களில் நடப்பது வேறு. கார் ரோட்டைச் சுரண்டும் வண்டி அந்தப் பனியைச் சைக்கிள் பாதையில் ஒதுக்கிவிட்டுப் போகிறது. மத்தியானம் அது பாதி உருகும், ராத்திரி செருப்புத் தடமும் டயர் தடமுமாக இறுகும், மறுநாள் காலை அதன் மேல் எந்த ஆணி டயரும் ஒழுங்காக ஓடாது. ஜாக்கெட்டும் கையுறையும் நாம் வாங்கிக்கொள்ளலாம். பாதையைச் சுத்தம் செய்வது நகராட்சியின் கடமை, அதற்குத்தான் வரி கட்டுகிறோம்.

இதுவரை நீங்கள் என்னைக் கேட்டீர்கள். இந்த வாரம் உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள்: "எங்கள் பகுதி சைக்கிள் பாதையில் காலை எத்தனை மணிக்குப் பனி தள்ளி முடிப்பீர்கள்?" டொராண்டோவில் இருப்பவர்கள் பாதை அடைபட்ட அன்றே 311-ஐக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த பனிப்பொழிவுக்கும் கூப்பிடுங்கள். பாதை சுத்தமாகும்வரை விடாதீர்கள்.