நீர்யானைக்கு வழிவிடுங்கள்

கேள்வி: ஜாம்பியாவில் லுவாங்வா ஆற்றங்கரை விடுதியில் தங்கப் போகிறோம். இரவில் தனியாக அறையை விட்டு வெளியே வரக் கூடாதாமே, ஏன்?

பதில்: அங்கே பல விடுதிகளுக்கு வேலியே கிடையாது! பகலெல்லாம் தண்ணீரில் கிடந்த நீர்யானை, இருட்டியதும் புல் மேயக் கரையேறும். உங்கள் வாசல் புல்லும் அதில் அடக்கம். பார்க்கச் சாதுதான். ஆனால் ஆற்றுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் போவதென்றாலும் காவலர் வந்து அழைத்துப் போகட்டும், பசி பொறுக்கும். மூட்டை கட்டும்போது நீலம், கறுப்பு உடை வேண்டாம், அங்கே கடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள் மேல் கொள்ளைப் பிரியம். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கிளம்புமுன்பே தொடங்கிவிடுங்கள். ஜூன், ஜூலை விடியலில் திறந்த ஜீப்பில் பற்கள் தந்தியடிக்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நம்பி ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.