வெட்ட வெட்ட மசியாதவர்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த பெரிய எண் எது? (சம்பளம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது!)

பதில்: சம்பளம் பெரிய எண் என்று யார் சொன்னது? என் ஓட்டு 73939133-க்கு. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். 1-ஐயும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். அது பெரிய விஷயமில்லை. வலக்கோடியில் ஓர் இலக்கத்தை வெட்டுங்கள்: 7393913. அதுவும் பகா எண்! மேலும் வெட்டுங்கள்: 739391, 73939, 7393, 739, 73, 7. ஆசாமி கடைசிவரை மசியவே இல்லை! இந்த ஜாதியில் மொத்தமே 83 எண்கள்தான். இவர்தான் ஆகப் பெரியவர். வலப்பக்கம் இன்னோர் இலக்கம் ஒட்டி நீட்டலாமே என்பீர்கள். இரட்டைப்படை எண்ணோ 5-ஓ ஒட்டினால் அங்கேயே அவுட். 1 அல்லது 7 ஒட்டினால் 3-ஆல் வகுபடும். 3, 9 ஒட்டினாலும் தேறாது. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அடுத்த வாரம் கார்டு போடாதீர்கள்!